முடிவெடுக்கும் திறன்: 20க்கு 13

ஃபுட்போல் மெனேஜர் என்ற கணினி விளையாட்டில் பந்தை நாம் உதைப்பதில்லை. வீரர்களை வாங்குகிறோம், விற்கிறோம், பயிற்சியையும் வியூகத்தையும் தீர்மானிக்கிறோம். ஆட்டம் தொடங்கியதும் கோட்டுக்கு வெளியே நிற்கும் முகாமையாளராகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எந்த வீரர் எப்படிப்பட்டவர் என்று நமக்குச் சொல்பவை அவர் பெயருக்குக் கீழே உள்ள எண்கள்தாம். பந்தை முதல் தொடுகையிலேயே அடக்கும் திறன் 14, துணிவு 9, முடிவெடுக்கும் திறன் 13. கொழும்பின் பொரளையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து இரவிரவாக இதை ஆடும் பிள்ளைகளுக்குப் பிடித்த வீரரின் எண்கள் மனப்பாடம். அந்த 13ஐப் போட்டது யார், எதைப் பார்த்துப் போட்டார் என்று கேட்டுப் பார்த்தால் விளையாட்டின் உள்வேலை புரியத் தொடங்கும்.

இங்கிலாந்தின் கொல்யர் சகோதரர்கள், போலும் ஒலிவரும், 1992இல் சம்பியன்ஷிப் மெனேஜர் என்ற பெயரில் தொடங்கியது இது. வெளியீட்டாளருடன் பிரிவு ஏற்பட்ட பின், 2004 முதல் ஃபுட்போல் மெனேஜர் என்ற புதுப் பெயரில் வருகிறது. அண்மைக்காலப் பதிப்புகளில் கோல் காப்பாளர் தவிர்ந்த ஒவ்வொரு வீரருக்கும் கண்ணுக்குத் தெரியும் இயல்புகள் 36: நுட்பம் சார்ந்தவை 14, மனம் சார்ந்தவை 14, உடல் சார்ந்தவை 8. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 20 வரை புள்ளி.

இயல்புகளை எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்திருக்கிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். ஓட்டத்துக்கு இரண்டு எண்கள் உண்டு. நின்ற இடத்திலிருந்து எவ்வளவு விரைவில் வேகம் பிடிக்கிறார் என்பது ஒன்று. முழு வேகத்தில் எவ்வளவு கடுகி ஓடுகிறார் என்பது மற்றது. முதல் ஐந்து மீற்றரில் பின்காவலரை வெட்டிவிட்டு, இருபதாவது மீற்றரில் அவரிடமே பிடிபடும் வீரர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எழும்பி எட்டும் உயரம் என்று இன்னோர் எண். அது ஒருவர் எத்தனை அங்குலம் எம்புகிறார் என்பதைச் சொல்வதில்லை. எம்பிய பின் அவர் தலை எந்த உயரத்தைத் தொடுகிறது என்பதையே சொல்கிறது. ஆகவே அபாரமாகத் துள்ளும் குள்ளமான வீரருக்கும் அங்கே சிறிய எண்தான் கிடைக்கும். கோர்னர் பந்து பறந்து வரும்போது கணக்கு அப்படித்தானே முடிகிறது.

இந்த எண்களுக்கு அடியில், ஆடுபவருக்குக் காட்டப்படாத வேறு இரண்டு எண்கள் இருக்கின்றன. வீரரின் தற்போதைய ஆற்றல் ஒன்று, அவர் எட்டக்கூடிய உச்ச ஆற்றல் மற்றது. இரண்டுக்கும் அதிக அளவு 200. உலகின் மிகச் சிறந்த சிலரே 190ஐ நெருங்குவார்கள். உச்சக்கட்டத்தில் மெஸ்ஸி அதையும் தாண்டியவர். தற்போதைய ஆற்றலை ஒரு மாதச் சம்பளமாக நினைத்துக்கொள்ளலாம். அந்தத் தொகைக்குள்தான் வேகம், கடத்தல், தலையால் முட்டுதல் எல்லாவற்றையும் வாங்க வேண்டும். விலையோ ஆடும் இடத்துக்கு இடம் மாறும். மத்திய பின்காவலருக்குக் காவல் திறன் மிக விலை கூடியது. அதே திறன் முன்கள வீரருக்கு மலிவு. இரண்டு காலாலும் சமமாக உதைக்கத் தெரிந்தால் அதற்கும் செலவு உண்டு. மனவுறுதி போன்ற சில இயல்புகளுக்கு மட்டும் செலவே இல்லை: ஆற்றல் குறைந்த ஆட்டக்காரருக்கும் மனவுறுதி 20 இருக்கலாம். எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த தீர்மானம் இதுதான். திறமையும் உழைப்பும் வெவ்வேறு கிணற்றில் ஊறுபவை என்பதை இதை வடிவமைத்தவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள்.

மறைத்து வைக்கப்பட்ட இயல்புகள் இன்னும் சில உண்டு. ஒவ்வொரு வாரமும் ஒரே தரத்தில் ஆடுவாரா, பெரிய ஆட்டங்களில் தடுமாறுவாரா, அடிக்கடி காயப்படுவாரா, தொழிலில் எவ்வளவு ஒழுங்கானவர் என்பவற்றையெல்லாம் முகாமையாளர் நேரடியாகப் பார்க்க முடியாது. பயிற்றுநர்களின் அறிக்கையிலிருந்து ஊகிக்க வேண்டும். உண்மையான முகாமையாளரின் நிலையும் இதுவே.

குறைகளும் இருக்கின்றன. வேகமான வீரர்கள் இந்த விளையாட்டில் அளவுக்கு மீறிப் பயன்படுகிறார்கள், மனம் சார்ந்த இயல்புகளின் எடை போதவில்லை என்பது ஆடுபவர்களின் நெடுநாள் முறைப்பாடு. ஓர் எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஆட்டத்தை நிகழ்த்திக் காட்டும் நிரல் அந்த எண்ணைச் சரியாக வாசிக்கவும் வேண்டும்.

இனி, எண்ணைப் போடுபவர்களுக்கு வருவோம். உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் இதற்காக வேலை செய்கிறார்கள். பெரும்பாலும் அந்தந்தக் கழகத்தின் ரசிகர்கள், வாராவாரம் மைதானத்துக்குப் போகிறவர்கள். அவர்கள் கொடுக்கும் எண்களை நாட்டுக்கொருவராக இருக்கும் தலைமை ஆய்வாளர் ஒப்பிட்டுச் சரிபார்ப்பார். ஒரு லீக்கில் 15 என்பது இன்னொரு லீக்கிலும் அதே 15 ஆக இருக்க வேண்டும் என்பதே அவருடைய பெரிய தலையிடி.

மனிதக் கண் தவறும். 2001-02 பதிப்பில் மில்வோல் கழகத்தின் சிறுவன் செர்னோ சாம்பா உலகின் தலைசிறந்த முன்கள வீரராக வளர்ந்தார். நிஜத்தில் அவர் கம்பியாவுக்கு ஆடினாலும் அந்த உயரத்தை எட்டவேயில்லை. அதே பதிப்பில் போர்த்துக்கல்லின் கோவேயா என்ற சின்னக் கழகத்தில் டோ மதெய்ரா என்று ஒருவர் கோல்களாகக் குவித்தார். அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. உள்ளூர் ஆய்வாளர் சேர்த்துவிட்ட கற்பனை ஆள். இவற்றையும் மீறி, 2008இல் எவர்ட்டன் கழகம் வீரர் தேடலுக்காக இந்தத் தரவுத்தளத்தைப் பயன்படுத்த உடன்படிக்கை செய்தது. 2014இல் ப்ரோஸோன் நிறுவனம் தன் வீரர் தேடும் கருவியில் இதைச் சேர்த்துக்கொண்டது. ஆயிரம் பேர் பொறுமையாகப் பார்த்து எழுதியதற்கு அவ்வளவு மதிப்பு.

அப்படியானால் பார்க்க ஆள் இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? பொரளையிலேயே இரண்டு மைதானங்கள் இருக்கின்றன. ஒன்று தமிழ் யூனியன் கழகத்தின் பி. சரவணமுத்து மைதானம். இலங்கையின் முதல் கிரிக்கெட் டெஸ்ட் 1982 பெப்ரவரியில் அங்கேதான் நடந்தது. 18 வயது மாணவனாக இறங்கிய அர்ஜுன ரணதுங்க எத்தனை ஓட்டம் எடுத்தார் என்று கேட்டால் 54 என்று இன்றும் உடனே சொல்லிவிடலாம். அந்தப் புற்றரையில் வீசப்பட்ட பந்துகளுக்குக் கணக்கு இருக்கிறது. மற்றது கெம்பல் மைதானம். மாலையில் அங்கே பந்து உதைக்கும் பையன் எத்தனை கடத்தல் கொடுத்தான், எத்தனை பந்தைப் பறித்தான் என்பதற்கு எங்கும் ஒரு வரி கிடையாது.

ஃபுட்போல் மெனேஜரில் முகாமையாளராகப் பொறுப்பேற்கக்கூடிய லீக்குகளின் பட்டியலில் இந்தியா இருக்கிறது, இலங்கை இல்லை. தரவு போதாத அணிகளுக்கு விளையாட்டு தானாகவே ஆட்களை உருவாக்கி இடத்தை நிரப்பும். அவர்கள் பெயர்கள் மங்கிய எழுத்தில் தெரியும். ஆட்டம் முடிந்ததும் அவர்களுக்கு வாழ்க்கை இல்லை. பார்ப்பதற்கு ஆட்டமே இல்லாத காலமும் இருந்தது. 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தி, ஓகஸ்டில்தான் தடையை நீக்கியது. அந்த மாதங்களில் வெளியுலகம் பார்ப்பதற்கு இலங்கை அணியின் ஆட்டம் ஒன்றுகூட நடக்கவில்லை.

2024 செப்டெம்பரில் ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றுக்காக இலங்கை கம்போடியாவை பெனால்டியில் வென்றது. அண்மைக்காலத்தில் இலங்கைக்கு ஆடியவர்களில் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் கழகத்துக்கு ஆடிய க்ளோடியோ காமர்க்னெக்ட், அவுஸ்திரேலியாவில் ஆடிய ஒலிவர் கெலார்ட் போன்றவர்களும் உண்டு. அந்த நாடுகளில் ஆய்வாளர்கள் இருப்பதால் அவர்களுடைய துணிவும் வேகமும் எண்ணாகப் பதிவாகியிருக்கும். வேல்ஸில் பிறந்த விமல் யோகநாதன் 2024இல் பார்ன்ஸ்லி முதலணிக்கு ஆடி, இங்கிலாந்துத் தொழில்முறைக் கால்பந்தில் இறங்கிய முதல் தமிழர் என்று பேசப்பட்டார்; அவரை வாராவாரம் பார்க்கவும் அங்கே ஆள் உண்டு. காமர்க்னெக்ட்டுக்கும் கெலார்ட்டுக்கும் பக்கத்தில் அதே இலங்கைச் சட்டையை அணிந்து நிற்கும் கொழும்புப் பையனைத்தான் யாரும் எழுதிவைக்கவில்லை. திறமையில் இருக்கும் வித்தியாசம் எவ்வளவு, பார்க்கப்படுவதில் இருக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்த எண்ணாலும் முடியாது. இந்த விளையாட்டை நேசிக்கும் எனக்கு இது மனதை உறுத்துகிறது.

இந்தக் குறையைத் திருத்த, விளையாட்டை உருவாக்குபவர்கள் லண்டனிலிருந்து வரத் தேவையில்லை. கணினிப் பதிப்போடு தரவைத் திருத்தும் கருவி ஒன்றும் கிடைக்கிறது. பட்டியலில் இல்லாத நாடுகளின் லீக்குகளை ரசிகர்களே அதில் கட்டியிருக்கிறார்கள். கொழும்பின் சோண்டர்ஸ், ரினௌன், கொம்பனித்தெருவின் ஜாவா லேன் ஆகிய கழகங்களின் ஆட்டங்களுக்குப் போகிறவர்கள் 36 இயல்புகளையும் ஒரே நாளில் எடைபோட முயல வேண்டாம். ஒரு வீரரைத் தெரிவுசெய்து முதல் பாதி முழுவதும் பந்தை மறந்து அவரை மட்டும் பாருங்கள். பந்து மறுபக்கம் இருக்கும்போது எங்கே நகர்கிறார், தன் அணி பந்தை இழந்த கணத்தில் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாதியில் அதே இடத்தில் ஆடும் எதிரணி வீரரை அப்படியே பார்த்து இருவரையும் ஒப்பிடுங்கள். நிலையெடுத்தலுக்கு 12 போடுவதா 13 போடுவதா என்ற தயக்கம் அதற்குப் பிறகுதான் வரும். அந்தத் தயக்கத்தோடு அடுத்த ஆட்டத்துக்கும் போய் அதே வீரரைப் பார்க்க வேண்டும்.