வைக்கோல் மட்டும் தின்னும் ஆடு இளைப்பது ஏன்? ஒரு கைப்பிடி கொள்ளு என்ன செய்யும்?

திருமுடிவாக்கம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சிட்கோ தொழிற்பேட்டைதான். ஆனால் சென்னையைச் சுற்றியுள்ள இந்தப் பகுதிகள், 'சென்னை சிவப்பு' செம்மறி ஆட்டின் சொந்த மண்ணும்கூட. தொழிற்சாலையும் வீட்டு மனையும் பெருகும் இடத்தில் மேய்ச்சல் நிலம் சுருங்கும். அப்புறம் வைக்கோல்தான் கதி. வயிறு நிறையுது, ஆனா உடம்பு தேற மாட்டேங்குதே, ஏன்?

சிக்கல் எங்கே?

வைக்கோலை ஆடு தானாகச் செரிப்பதில்லை. அசையூண் வயிற்றில் வாழும் நுண்ணுயிரிகள்தான் நாரை உடைக்கின்றன. அவை நன்றாக வேலை செய்ய, தீவனத்தில் சுமார் 7 சதவீதமாவது புரதம் வேண்டும். நெல் வைக்கோலில் இருப்பதோ 4 சதவீதம் அளவுக்குத்தான்.

கொள்ளு என்ன செய்யும்?

கொள்ளு, தட்டைப்பயறு இரண்டிலும் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் உண்டு. 1 கிலோ வைக்கோல் தருவது சுமார் 40 கிராம் புரதம். வெறும் 150 கிராம் கொள்ளு 30 கிராமுக்கு மேல் தந்துவிடும். நுண்ணுயிரிகள் பெருகும், வைக்கோல் சீக்கிரம் செரிக்கும், ஆடு கூடுதலாகத் தின்னும்.

யாருக்கு முதலில்?

சினை ஆட்டுக்கு. 5 மாத சினைக்காலத்தில் கடைசி 6 வாரத்தில்தான் குட்டி பெருமளவு வளர்கிறது. அப்போது தீவனம் குறைந்தால் குட்டி எடை குறையும், தாய்க்குப் பாலும் குறையும்.

எப்படிக் கொடுப்பது?

உடைத்தோ ஊறவைத்தோ கொடுங்க. 50 கிராமில் தொடங்கி, 10 நாளில் மெல்ல 150 கிராம் வரை போகலாம். எல்லா ஆட்டையும் ஒரே தொட்டியில் விட்டால் பலசாலி ஆடுதான் மொத்தத்தையும் தின்னும்.

அளவு மீறினால்?

இங்கேதான் ஆபத்து. திடீரென்று அதிகம் தின்றால் வயிற்றில் அமிலம் கூடும், உப்புசம் வரும். துள்ளுமாரி நோய் தாக்கினால் சில மணி நேரத்திலேயே ஆடு செத்துப்போகலாம். இந்த நோய்க்குத் தடுப்பூசி இருக்கு, மறக்காம போட்டுடுங்க.

கொள்ளு விலை கட்டுப்படியாகலையா?

அகத்தி, வேலிமசால், கடலைக்கொடி, உளுந்தம் பொட்டு, துவரம் பொட்டு ஆகியவையும் கைகொடுக்கும். உங்க ஆட்டுக்கு ஏற்ற அளவை, கூடுவாஞ்சேரி அருகே காட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ பக்கத்து கால்நடை மருந்தகத்திலோ கேட்டுக்கலாம்.