வேலி திறந்த கடற்கரை வளவு

ரொறன்ரோவில் இருந்து வந்திருந்த பெரியப்பா, கடலைப் பார்க்க வேண்டும் என்றார். நான் வசிக்கும் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கடற்கரைக்குக் குறைவில்லை. ஆனால் பல இடங்களில் கரையை ஒட்டிய நிலம் தனியாருடையது. அதனால் வோட்டர்ஃபோர்ட் நகரில் உள்ள ஹார்க்னெஸ் நினைவு மாநிலப் பூங்காவுக்கு அவரை அழைத்துச் சென்றேன்.

வாசலுக்குக் கிட்ட வந்ததும், "உள்ளுக்கு விடுவினமோ?" என்று கேட்டார். விடுவார்கள். இம்மாநிலத்தில் பதிவான வாகனங்களுக்கு 2018 முதல் இங்கே நுழைவுக் கட்டணமும் இல்லை. வாகனப் பதிவோடு சேர்த்து அறவிடப்படும் சிறு தொகை பூங்காக்களின் பராமரிப்புக்குச் செல்கிறது.

உள்ளே 230 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். புல்வெளி சரிந்து கடலில் போய் முடிகிறது. நடுவே 42 அறைகள் கொண்ட மாளிகை. அதன் பெயர் 'ஈயோலியா'. கிரேக்கப் புராணத்தில் காற்றின் அதிபதி வாழ்ந்த தீவின் பெயர் அது. 1906 இல் கட்டப்பட்ட இந்த வீட்டை அடுத்த ஆண்டே எட்வர்ட் ஹார்க்னெஸ், மேரி தம்பதியினர் வாங்கிக் கோடைகால இல்லமாக்கினர். எட்வர்ட்டின் தந்தை, ரொக்பெல்லரின் ஸ்டாண்டர்ட் ஒயில் நிறுவனத்தில் ஆரம்பத்திலேயே முதலிட்டவர்.

மாளிகையின் இரு பக்கமும் தோட்டங்கள். அளவெடுத்து வெட்டிய பாத்திகள், முழங்கால் உயரத்தில் கத்தரித்த பச்சை வேலிகள், கொடி படரும் பந்தல்கள், கற்களுக்கு இடையே வளரும் சிறு செடிகள். இவற்றின் பெரும்பகுதியை வடிவமைத்தவர் பீற்றிக்ஸ் ஃபராண்ட். 1899 இல் அமெரிக்க நிலவனப்புக் கலைஞர் சங்கத்தைத் தொடங்கிய 11 பேரில் அவர் மட்டுமே பெண்.

பொய்க்காலோடும் ஊன்றுகோலோடும் பெரியப்பா மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். 2009 இல் முள்ளிவாய்க்காலில் இழந்த கால் அது.

"இவ்வளவும் ஒரு குடும்பத்தின்ரையோ? பிறகு எப்பிடிச் சனத்துக்கு வந்தது?"

எட்வர்ட் 1940 இல் இறந்தார். பிள்ளைகள் இல்லை. 1950 இல் மேரியும் இறந்தபோது, அவரது விருப்பப்படி வளவு மாநில அரசிடம் சேர்ந்தது. 1952 இல் அது பொதுப் பூங்காவாகியது. மேரி உயிரோடிருந்த காலத்திலேயே போலியோவால் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் கோடையில் இங்கே வந்து தங்கினார்கள். இன்றும் பக்கத்தில் நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பகுதி மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களது குடும்பத்தினருக்குமென ஒதுக்கப்பட்டுள்ளது. கடற்கரையோடு கூடிய நிலம். இதைச் சொன்னபோது பெரியப்பா நின்று அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அவைக்கு முதல் இது ஆற்ற காணி?"

அந்தக் கேள்விக்கான பதில் தோட்டத்தைப் போல அழகானதல்ல. இந்தக் கரையோரம் பூர்வகுடிகளுடையது. இங்கிருந்து கிழக்கே, காரில் அரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய மிஸ்ரிக்கில், 1637 இல் பீக்குவட் மக்களின் அரண் சூழ்ந்த ஊரை ஆங்கிலேயர் தீயிட்டனர். நூற்றுக்கணக்கானோர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு உடன்படிக்கை, எஞ்சியவர்கள் தங்களைப் 'பீக்குவட்' என்று அழைப்பதையே தடை செய்தது. அவர்களின் வழிவந்தோர் அந்தப் பெயரோடு இன்றும் இருக்கிறார்கள். 1983 இல் அவர்களில் ஒரு பிரிவினரை அமெரிக்க மத்திய அரசு அங்கீகரித்தது.

ஆகவே ஒரு செல்வந்தரின் வளவு பொதுமக்களுக்குத் திறந்த கதை உண்மை. நிலத்தை முதலில் இழந்தவர்களின் கதை அதற்குள் அடங்காது. தானமாகக் கிடைக்கும் காணி வேறு, பறித்த காணியைத் திருப்பித் தருவது வேறு.

இந்தக் கரையில் நீந்த அனுமதியில்லை. நடக்கலாம், இருக்கலாம். நாங்கள் கடலைப் பார்த்தபடி இருந்தோம். பெரியப்பா மயிலிட்டிக்காரர். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கில் இருந்து வெளியேறியவர். மயிலிட்டித் துறைமுகம் 2017 இல் விடுவிக்கப்பட்டது. அவரது காணி இன்னமும் வேலிக்கு உள்ளே.

"உறுதியை இப்பவும் பொலித்தீன் பையுக்குள்ளதான் வச்சிருக்கிறன்" என்றார். "முள்ளிவாய்க்காலிலயும் அதை நான் விடேல்லை."