எல்லா டெஸ்ட்டும் நார்மல்... ஆனாலும் முடியலையா? மனநல மருத்துவரிடம் முதன்முறை போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

நெஞ்சு படபடவென அடித்துக்கொள்கிறது. ஈ.சி.ஜி எடுத்தாயிற்று, நார்மல். வயிறு சரியில்லை என்று ஸ்கேனும் பார்த்தாயிற்று, அதுவும் நார்மல். தைராய்டு, சுகர், பி.பி எல்லாமே சரி. ‘ஒண்ணும் இல்ல, டென்ஷன் ஆகாம இருங்க’ என்று சொல்லி, வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுக்கிறார் டாக்டர். ‘கோயிலுக்குப் போய் மந்திரிச்சுட்டு வரலாம்’ என்கிறார் வீட்டில் ஒருவர். ‘சும்மா உக்காந்து யோசிச்சா இப்படித்தான்’ என்கிறார் இன்னொருவர். ஆனால், தினமும் அதிகாலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அதன் பிறகு பொட்டுத் தூக்கம் இல்லை.

மனநலப் பிரச்னை பலருக்கு இப்படி உடம்பு வழியாகத்தான் முதலில் வெளியே வருகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. பெரியவர்களில் சுமார் 10 பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாக அதில் தெரியவந்தது. மனச்சோர்வு, மனப்பதற்றம் போன்ற பரவலான பாதிப்புகள் உள்ளவர்களில் 80 சதவிகிதத்துக்கும் மேற்பட்டோர் சிகிச்சைக்கே வரவில்லை என்பதும் அதில் வெளியான இன்னொரு தகவல்.

பணம், தூரம், நேரமின்மை என இதற்குப் பல காரணங்கள். கூடவே, உள்ளே போனால் என்ன செய்வார்களோ என்ற பயமும் உண்டு. சினிமாவில் பார்த்த ஷாக் ட்ரீட்மென்ட்டும், காமெடி வசனங்களில் வரும் ‘கீழ்ப்பாக்கமும்’தான் நமக்குத் தெரிந்த மனநல மருத்துவம். உண்மையில் அங்கே என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால், அந்தப் பயத்தில் பாதி குறைந்துவிடும்.

எப்போது போக வேண்டும்?

தேர்வுக்கு முன் பதற்றம், துக்க வீட்டுக்குப் பிறகு சோகம்... இவையெல்லாம் நோய் அல்ல. ஆனால், மனம் சோர்ந்துகிடப்பதோ, எதிலும் ஆர்வம் இல்லாமல் போவதோ, பெரும்பாலான நாள்களில், நாளின் பெரும்பகுதி, 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால் அலட்சியம் செய்யக் கூடாது. தூக்கம், பசி, வேலை, உறவுகள் என இந்த நான்கில் எது கெட்டிருக்கிறது என்று பாருங்கள். பிள்ளைகளிடம் இது எரிச்சலாகவும், பள்ளிக்குப் போக மறுப்பதாகவும் தெரியலாம். முதியவர்களிடம் ஓயாத உடல்வலியாகவோ மறதியாகவோ தெரியலாம்.

‘எனக்கு என்ன நோய்’ என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டுப் போக வேண்டியதில்லை. ‘ரெண்டு வாரமா தூக்கமே இல்ல டாக்டர்’ என்று சொன்னால் போதும். மற்றதைக் கண்டுபிடிப்பது அவர் வேலை.

யாரிடம் போவது?

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ் முடித்து, மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர். மாத்திரை எழுதும் தகுதி உள்ளவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் உளவியல் படித்தவர். மாத்திரை எழுத மாட்டார். பரிசோதனைகளும் பேச்சு வழி சிகிச்சையும் அளிப்பார். இவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு இருக்க வேண்டும். கவுன்சலர் என்பவர் குடும்பம், படிப்பு, வேலை தொடர்பான சிக்கல்களைப் பேசித் தெளிவுபடுத்த உதவுபவர். ‘என்ன படிச்சிருக்கீங்க, எங்கே பதிவு பண்ணியிருக்கீங்க?’ என்று கேட்பதில் தவறே இல்லை.

யாரிடம் போவது என்று குழப்பமாக இருந்தால், வழக்கமாகப் பார்க்கும் குடும்ப டாக்டரிடமே சொல்லுங்கள். தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, பி12 குறைபாடு போன்றவையும் சோர்வை உண்டாக்கும் என்பதால், அவற்றைப் பார்த்துவிட்டு அவரே சரியான இடத்துக்கு அனுப்பிவைப்பார்.

எங்கே போவது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மற்ற புறநோயாளிகளைப் போலவே ஓ.பி சீட்டு போட்டுக்கொண்டு போய்ப் பார்க்கலாம். ஆலோசனையும் மாத்திரைகளும் இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழும் சிகிச்சை கிடைக்கிறது. உங்கள் ஊரில் எந்த நாளில், எந்த இடத்தில் மருத்துவர் இருப்பார் என்பதை மாவட்ட அரசு மருத்துவமனையில் கேட்டால் சொல்வார்கள். சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநல மருத்துவமனைக்கும், அட்மிட் ஆவதற்காக மட்டுமல்லாமல், புறநோயாளியாகப் பலர் வந்து, டாக்டரைப் பார்த்துவிட்டு, மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.

நேரில் போகத் தயக்கமா? ஒரு போன் காலில் இருந்து தொடங்கலாம். மத்திய அரசின் ‘டெலி மனாஸ்’ சேவை 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல நிபுணரிடம் இணைப்பார், அல்லது அருகில் உள்ள மருத்துவமனைக்கு வழிகாட்டுவார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், ‘எப்படிச் சொல்றதுன்னு தெரியலை’ என்றே ஆரம்பிக்கலாம்.

முதல் நாள் என்ன நடக்கும்?

பெரும்பாலும் பேச்சுதான். எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, குடும்பத்தில் யாருக்காவது இது போல் இருந்ததா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், குடி, சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்பார்கள். ‘சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததா?’ என்றும் கேட்கலாம். அதைக் கேட்டுப் பதற வேண்டாம். எல்லோரிடமும் கேட்கப்படும் வழக்கமான கேள்விதான் அது. உண்மையைச் சொல்லுங்கள்.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பாதி விஷயம் மறந்துவிடும். எனவே, முதல் நாளே செல்போனில் நான்கைந்து வரிகள் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பழைய ரிப்போர்ட்டுகள், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, தாய்ப்பால் கொடுத்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம். அதேசமயம், ‘கொஞ்சம் தனியாப் பேசணும்’ என்று டாக்டரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மாத்திரை போட்டால் காலம் முழுக்க விட முடியாதா?

எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. லேசான பாதிப்பு என்றால் பேச்சு வழி சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் மதுவைப் போல அடிமையாக்குபவை அல்ல. அவை பலன் தர 2 முதல் 4 வாரங்கள் வரை ஆகலாம். ஆனால், ஆரம்ப நாள்களிலேயே குமட்டல், தலைவலி போன்றவை வரக்கூடும். பலர் பாதியில் நிறுத்திவிடுவது இந்த இடைவெளியில்தான். தொந்தரவு இருந்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். சில வகைத் தூக்க மாத்திரைகள் பழக்கமாகிவிடும் என்பது உண்மை. அதனால், மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே கேட்டு வாங்கிச் சாப்பிடக் கூடாது.

ஷாக் ட்ரீட்மென்ட் பயமா? குறிப்பிட்ட சில கடுமையான நிலைகளில் மட்டுமே அது தரப்படுகிறது. மயக்க மருந்து கொடுக்காமல் அதைச் செய்வதை, மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 தடை செய்திருக்கிறது.

ஊருக்குத் தெரிந்துவிடுமா?

வரன் பார்க்கும் வீடுகளில் பெரிய கவலையே இதுதான். அதே சட்டம், சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில சூழல்களில் மட்டுமே விதிவிலக்கு. சிகிச்சைக்குத் துணைநிற்கும் பராமரிப்பாளரிடம், தேவையான அளவுக்குப் பகிர்ந்துகொள்ளலாம். அலுவலகமோ சொந்தக்காரர்களோ கேட்டார்கள் என்பதற்காக விவரம் தரக் கூடாது.

தற்கொலைக்கு முயன்றவரை, ‘போலீஸ் கேஸாகிடும்’ என்று வீட்டிலேயே மறைத்துவைக்கும் குடும்பங்களும் உண்டு. அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்கிறது அந்தச் சட்டம். தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வீட்டில் ஒருவர் வர மறுத்தால்?

‘உனக்குப் பைத்தியம், வா டாக்டர்கிட்ட போகலாம்’ என்று சொன்னால் யாரும் வர மாட்டார்கள். ‘நீ சரியாத் தூங்கி எத்தனையோ நாளாச்சும்மா, அதை மட்டும் காட்டிட்டு வரலாம், நானும் கூட வர்றேன்’ என்று சொல்லிப் பாருங்கள். அப்போதும் மறுத்தால், நீங்கள் மட்டும் 14416-க்கு அழைத்து என்ன செய்யலாம் என்று கேட்கலாம். சாப்பாட்டில் மாத்திரையை ஒளித்துக் கொடுப்பது, பொய் சொல்லி அழைத்துப்போவது போன்றவை நம்பிக்கையைக் கெடுத்து, அடுத்த முறை போவதையே கடினமாக்கிவிடும்.

முதல் டாக்டர் ஒத்துவரவில்லை என்றால், அதற்காக சிகிச்சையையே விட்டுவிட வேண்டாம். பல் டாக்டரை மாற்றுவது போலத்தான், இன்னொருவரைப் பாருங்கள். யாரைப் பார்த்தாலும், கிளம்பும் முன் அடுத்து வர வேண்டிய தேதியைக் கேட்டு செல்போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நன்றாக இருக்கும்போது அந்த இரண்டாவது சந்திப்பைத் தவறவிட்டுவிடுவது சுலபம்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அப்பாயின்ட்மென்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். அந்த நபரைத் தனியாக விடாதீர்கள். அருகில் உள்ள மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள். டெலி மனாஸ் 14416, சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் 044 - 24640050 ஆகிய எண்களை இப்போதே செல்போனில் சேமித்துவையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும், பக்கத்து வீட்டிலோ பக்கத்து சீட்டிலோ இருப்பவருக்கு ஒருநாள் தேவைப்படலாம்.