பால்மரம் தளிர்க்கும் காலமும் மூலிகைப் பாத்தியும்

ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தவர் தமிழர். அவற்றுள் சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம் எனப்படும். மலேசியாவும் சிங்கப்பூரும் நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால், இங்கு ஆண்டு முழுவதும் வெப்பம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். காலத்தைப் பிரித்துக் காட்டுவது மழையே. ஆகவே இந்நாடுகளில் இளவேனில் என்பது ஏட்டளவில் மட்டும் உள்ளது என்று பலர் எண்ணுவர்.

ஆயினும் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தோர் ஓர் இளவேனிலை நன்கு அறிவர். வடகிழக்குப் பருவமழை தணிந்து வறட்சி தலைகாட்டும் நாட்களில், பெரும்பாலும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில், முதிர்ந்த பால்மரங்கள் தம் இலைகளை உதிர்த்துவிட்டு வெறுங் கிளைகளாய் நிற்கும். சில வாரங்களில் செம்பு நிறத் தளிர்கள் தோன்றிப் பின்னர்ப் பச்சையாக மாறும். மரம் தன் சேமிப்பைத் தளிருக்குச் செலவிடுவதால் அப்போது பால் குறையும். பால் குறையவே வெட்டுவோர் வருவாயும் குறையும். கைப்பொருள் சுருங்கிய அந்நாட்களில் லயத்து வீடுகளின் பின்புறத்தில் வளர்ந்த முருங்கையும் கீரையும் பச்சிலையும் குடும்பத்துக்குத் துணையாயின.

பால்மரம் தளிர்க்கும் இக்காலமே மூலிகைப் பாத்தி அமைப்பதற்கும் ஏற்றது. மார்ச்சு இறுதியில் நிலத்தைக் கொத்திப் பண்படுத்தி வைத்தால், ஏப்பிரல் மாதத்தில் பிற்பகல்தோறும் இடியுடன் வரும் மழை நாற்றுகளுக்கு உதவும். காலையில் வெயிலும் மாலையில் மழையும் கிடைப்பதால் இளஞ்செடி விரைவில் வேர்கொள்ளும்.

பெயரும் இலையும்

இன்று பல தோட்டங்கள் செம்பனைக் காடுகளாகவும் குடியிருப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. மக்கள் நகர்ப்புற அடுக்குமாடிகளில் குடியேறினர். லயத்தின் பின்புறத்து நிலம் போயிற்று. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உடன் நேர்ந்தது. தூதுவளை என்னும் சொல்லைப் பிழையின்றி எழுதும் மாணவன் அதன் கொடியைக் கண்டால் அறிவதில்லை. பாட்டியோ இலையை அறிவாள். அதை எழுதி வைக்க அறியாள். இவ்விருவரையும் இணைக்காவிடில், ஒரு தலைமுறைக்குள் பெயர் அகராதியிலும் செடி களையாகவும் பிரிந்துபோகும். ஆதலின் இது தோட்டக்கலைக்கு மட்டும் உரிய செய்தியன்று, தமிழாசிரியருக்கும் உரியது.

செடியின் பெயரே பாடம் நடத்தும். கீழாநெல்லியின் சிறு காய்கள் இலைக்காம்பின் கீழ்ப்புறத்தில் வரிசையாகத் தொங்குகின்றன. அதனாற் பெற்ற பெயர் அது. மலாய் மக்கள் அதே செடியை 'டுக்கோங் ஆனாக்' என்பர். குழந்தையைச் சுமப்பது என்பது அதன் பொருள். ஒரே காட்சியை இரு மக்கள் இரு வகையாகக் கண்டு பெயரிட்டனர். நம் வல்லாரை அவர்களுக்குப் 'பெகாகா'. இருவரும் அதனை உணவாகக் கொள்கின்றனர். திருநீற்றுப் பச்சிலை மலாயில் 'செலாசே' எனப்படும். கற்பூரவள்ளியும் ஓமவல்லியும் ஒரே செடியின் இரு பெயர்கள். இவற்றையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போடுவதைக் காட்டிலும் இலையைக் கையில் கொடுத்துச் சொல்வது மனத்தில் பதியும்.

வளர்க்கும் முறை

தொடங்குவோர் எளிய செடிகளைத் தேர்ந்தெடுத்தல் நன்று. கற்பூரவள்ளியின் கிளையை ஒரு சாண் அளவு ஒடித்து ஊன்றினாலே வேர் பிடிக்கும். அதற்கு நீர் மிகுதியானால் தண்டு அழுகும். வல்லாரை இதற்கு நேர்மாறானது. ஈரமும் அரைநிழலும் விரும்புவது. தரையில் ஓடும் தண்டின் கணுதோறும் அது வேர்விடுவதால், ஒரு கணுவை நட்டாலே போதும்.

துளசிக்கு வெயில் வேண்டும். அதன் பூங்கதிர்களை அவ்வப்போது கிள்ளிவிட்டால் இலை மிகுந்து தழைக்கும். விதைக்கென ஒரு கதிரை மட்டும் முற்ற விடலாம். கறிவேப்பிலை விதையை நெடுநாள் வைத்திருந்தால் முளைக்காது. கறுத்துப் பழுத்த கனியின் சதையை நீக்கி உடனே விதைக்க வேண்டும். முதலாண்டில் வளர்ச்சி மெதுவாக இருக்குமாதலால் இலைகளை மிகுதியாகப் பறிக்கலாகாது. எலுமிச்சை வகைகளை வாட்டும் பசுமை நோயைப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். எனவே அவ்விரண்டையும் அடுத்தடுத்து நடாதிருத்தல் நலம். தூதுவளைக்குப் பந்தலோ வேலியோ வேண்டும். அதன் தண்டிலும் இலையிலும் முள் இருப்பதால் பிள்ளைகள் நடமாடும் வழியில் வைக்கலாகாது.

சருகும் குப்பையும்

இந்நாட்டின் செம்மண்ணிலுள்ள சத்தைக் கனமழை கரைத்துக்கொண்டு போகிறது. காட்டிலும் தோட்டத்திலும் அச்சத்தை மண்ணுக்கு மீண்டும் தருவது உதிரும் சருகு. வீட்டுப் பாத்திக்கும் அதுவே வழி. காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, முட்டையோடு ஆகியவற்றை ஓரடுக்காகவும், உலர்ந்த சருகை அதன்மேல் ஈரடுக்காகவும் மாற்றி மாற்றிக் குவித்து, பிழிந்த துணியளவு ஈரம் இருக்கும்படி காத்து, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால், இந்நாட்டு வெப்பத்தில் இரண்டு மூன்று மாதங்களில் கறுத்த மண் மணமுள்ள உரம் கிடைக்கும். இறைச்சியும் மீனும் எண்ணெயும் சேர்த்தால் எலியும் நாற்றமும் வரும்.

சருகைக் கூட்டித் தீயிடும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உள்ளது. மலேசியாவில் திறந்தவெளி எரிப்பை 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் சில விலக்குகளுடன் தடைசெய்கிறது. சட்டத்தை விட்டாலும், சருகை எரிப்பவர் உரத்தை எரிக்கிறார் என்பதை நினைத்தல் வேண்டும்.

இருவகை மருந்து

தோட்டத் தமிழில் 'மருந்து' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. நோய் தீர்ப்பதும் மருந்து. களையைக் கொல்லத் தெளிப்பதும் மருந்து. 'மருந்தடிக்கும் வேலை'யில் ஈடுபட்டோருள் பெண்கள் பலர். அவர்கள் முதுகில் சுமந்த களைக்கொல்லிகளுள் ஒன்று பாராகுவாட். சிறிதளவு விழுங்கினும் உயிரைப் போக்கவல்ல அந்நஞ்சுக்கு முறிமருந்து கிடையாது. மலேசியாவில் அதற்கு 2002-இல் தடை அறிவிக்கப்பட்டது. 2006-இல் அத்தடை தளர்த்தப்பட்டது. 2020 ஜனவரி 1 முதல் முற்றாக நடப்புக்கு வந்தது. பிற களைக்கொல்லிகள் இன்றும் தெளிக்கப்படுகின்றன.

ஆகையால் சாலையோரத்திலும் தோட்ட எல்லையிலும் கிடைக்கும் கீழாநெல்லியையோ வல்லாரையையோ பறித்து உண்பது அறிவுடைமையாகாது. அங்கே எது தெளிக்கப்பட்டது என்பதை இலை சொல்லாது. தன் பாத்தியில் கையாற் களை பிடுங்கி வளர்த்த இலையே நம்பிக்கைக்குரியது. உருவில் ஒத்த வேறு செடிகளும் உண்டு. ஆதலின் நன்கறிந்தவர் காட்டாத செடியை வாயிலிடலாகாது. மூலிகை உணவுக்கு உறுதுணையாகும். மருத்துவர் தரும் மருந்துக்கு மாற்றாகாது. மஞ்சட்காமாலைக்குக் கீழாநெல்லி போதும் என்று மருத்துவமனைக்குச் செல்லாதிருப்பது உயிருக்கே ஊறு செய்யும்.

அடுக்குமாடியில்

நிலமில்லை என்பது தடையன்று. சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் 2020-இல் உணவுச் செடித் திட்டம் ஒன்றைத் தொடங்கி, விரும்பிய இல்லங்களுக்கு விதைப் பொட்டலங்களை வழங்கியது. மாடி வீட்டின் சாளரத்தருகே காலை வெயில் படுமாயின் துளசி வளரும். வெயில் குறைந்த இடத்தில் கற்பூரவள்ளி வளரும். பழைய வாளியும் தகரக் குவளையும் அடியில் துளையிட்டால் தொட்டியாகும். தொட்டியைச் சுவரின் வெளிப்புறத்தில் தொங்கவிடுதல் கீழே செல்வோர்க்கு ஆபத்தாகும்.

இதில் மறக்கக் கூடாத கடமை ஒன்றுண்டு. தொட்டியின் அடித்தட்டில் நிற்கும் தெளிந்த நீரில் டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் அம்முட்டை கொசுவாகிவிடும். ஆகவே தட்டு நீரை அடிக்கடி கொட்டித் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். அல்லது தட்டை நீக்கிவிட வேண்டும். நலம் நாடி வைத்த செடி அண்டை வீட்டார்க்கு நோயாகலாகாது.

ஆசிரியர் பணி

மலேசியாவில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஐந்து செடிகள் கொண்ட ஒரு பாத்தி போதும். ஒவ்வொரு செடிக்கும் தமிழ்ப் பெயரும் மலாய்ப் பெயரும் எழுதிய பலகை வைக்கலாம். மாணவர் வாரம் ஒருமுறை இலையின் வடிவும் மணமும் வளர்ச்சியும் குறித்து எழுதட்டும். கட்டுரைப் பயிற்சிக்கு அதனினும் நல்ல பொருள் அரிது. வீட்டிலுள்ள முதியவரிடம், 'இதனை எவ்வாறு சமைப்பீர்கள்?' என்று கேட்டு எழுதி வரச் செய்தால் பாட்டியின் அறிவு ஏட்டில் ஏறும்.

பால்மரம் ஆண்டுதோறும் தன் இலையை இழந்தாலும் தளிர்க்க மறப்பதில்லை. இலையும் பெயரும் அறிந்த பாட்டியர் இன்னும் நம்மிடையே உள்ளனர். கேட்டு எழுதிக்கொள்ளவும் நட்டுக் காக்கவும் இதுவே காலம். ஆசிரியர்கள் இந்தச் சித்திரையிலேயே ஒரு பாத்தியைத் தொடங்குவார்களாக.