மரவள்ளி மாவுப்பூச்சியும் நமது ஜவ்வரிசி வியாபாரமும்

பருவநிலை மாற்றம் என்றால் எங்கோ பனிமலை உருகுவதும் கடல் உயர்வதும்தான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது நமது கடை வாசல் வரை வந்துவிட்டது. ஜவ்வரிசி மூட்டையே அதற்குச் சாட்சி.

இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டு வரத்து நின்றதால் சேலத்தில் வளர்ந்த தொழில் இது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நமக்கு இது பாயசத்துக்கும் வடகத்துக்கும்தான். மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களிலோ விரத நாட்களின் உணவே இதுதான். இவ்வளவுக்கும் மூலம் மரவள்ளிக் கிழங்கு. கிழங்கு வரத்து குறைந்தால் ஆலை ஓட்டம் குறையும், விலை ஏறும். நாற்பது ஆண்டுகளாக மண்டியில் நாங்கள் பார்த்து வரும் கணக்கு இது.

மரவள்ளி தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். அதைத் தாக்கும் மாவுப்பூச்சிக்கும் அதுவே பூர்வீகம். 1970களில் ஆப்பிரிக்காவில் நுழைந்த இப்பூச்சி, சில இடங்களில் 80 சதவீதம் வரை விளைச்சலை அழித்தது. இந்தியாவில் 2020இல் முதன்முதலாகக் கேரளத்தில் தென்பட்டு, பின் சேலம், நாமக்கல் வட்டாரங்களுக்கும் பரவியது. மாவு பூசினாற்போல் குருத்தில் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். இலை சுருளும், கணு குறுகும், கிழங்கு திரளாது.

வெயிலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பெண் பூச்சி, ஆண் துணையின்றியே நூற்றுக்கணக்கில் முட்டையிடும். வெப்பம் கூடினால் முட்டை பூச்சியாகும் நாட்கள் குறைகின்றன. வட்டிக்கு வட்டி ஏறுவது போல எண்ணிக்கை ஏறும். நல்ல மழை பெய்தால் பூச்சி கழுவப்பட்டுவிடும். மழை தவறி வறட்சி நீண்டால் வாடிய செடியில் அது பல்கிப் பெருகும். வெப்பமும் வறட்சியும் கூடக் கூட இப்பூச்சிக்குக் கொண்டாட்டம்தான்.

மருந்தடித்தால் போதாதா? உடம்பின் மெழுகுப் பூச்சு மருந்தை உள்ளே விடாது. நன்மை செய்யும் பூச்சிகள்தான் முதலில் மடியும். ஆப்பிரிக்காவைக் காப்பாற்றியது ஒரு சிறு குளவி. பராகுவே நாட்டில் கண்டெடுத்த அக்குளவி 1981இல் நைஜீரியாவில் விடப்பட்டது. அப்பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அதே குளவியைப் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022 மார்ச்சில் நம் சேலம் மாவட்டத்து வயல்களில் விட்டார்கள். 2008இல் கோவையில் தோன்றி மரவள்ளியையும் தாக்கிய பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியதும், 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த வேறொரு குளவிதான்.

ஆனால் குளவியும் உயிர்தானே! கடும் வெப்பத்தில் அதன் ஆயுளும் குறையும். ஆகவே பூச்சி பெருகிய பின் தேடி ஓடாமல், வறட்சி தொடங்கும் முன்பே வயலைக் கவனித்துக் குளவி விட ஏற்பாடு செய்வதே சிக்கனம்.

இதில் வணிகர் கடமை என்ன?

முதலாவது, வெயில் பூச்சியைப் பெருக்குகிறதே தவிர, ஊர்விட்டு ஊர் கொண்டு செல்வது பெரும்பாலும் விதைக்கரணைதான். கிழங்கு இறக்கித் திரும்பும் வண்டியில், பூச்சி கண்ட வயலின் கரணையை ஏற்ற விடாதீர்கள். முன்பணம் கொடுக்கும் விவசாயிகளிடமும் இதைச் சொல்லுங்கள்.

இரண்டாவது, வரத்து குறையும் காலத்தில் மக்காச்சோள மாவு கலந்த சரக்கு தலைகாட்டும். விரதம் இருப்போர் தானியம் நீக்கி உண்பதற்காகத்தான் ஜவ்வரிசியை வாங்குகிறார்கள். கலப்படம் அவர்கள் விரதத்தையே கெடுக்கும். விலை மலிவாய் வரும் சரக்கைப் பரிசோதிக்காமல் எடுக்காதீர்கள்.

மூன்றாவது, வயலில் பூச்சி என்று கேள்விப்பட்ட உடனே பதுக்கி வைத்துத் தட்டுப்பாட்டைப் பெரிதாக்காதீர்கள்.

விளைச்சல் ஒரு போகம் போனால் மறு போகம் வரும். சரக்கின் பெயர் கெட்டால் மீட்பது கடினம். விவசாயி வயலைக் காக்கட்டும். நாம் சரக்கின் பெயரைக் காப்போம்.