ஆடுவோர் மனமும் ஆட்டத்தின் அமைப்பும்

ஓர் ஆட்டத்தை அமைப்பவர் முதலில் ஆராய வேண்டுவது பலகையை அன்று. அதன்முன் வந்து அமர்வோரின் மனத்தை. எதை நாடி அவர்கள் வருகின்றனர்? தோற்ற பின்னும் ஏன் எழுந்து போகாதிருக்கின்றனர்?

பெங்களூரில் வாழும் தமிழன்பர்கள் இதற்கு விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் பல்லாங்குழியை அண்டை வீட்டுக் கன்னடர் அளகுளிமணெ என்பர். (மணெ என்பது நம் மணையேதான்.) இருபுறமும் எவ்வேழு குழிகள். ஒருவர் இடும் காய்கள் மற்றவர் குழிகளிலும் விழுகின்றன. ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது ‘பசு’. ஆடுபவர் யாராயினும் குழிக்குரியவரே அதை எடுத்துக்கொள்வார். எனவே காத்திருப்பவரும் கண்ணயர்வதில்லை. சுற்று முடிந்ததும் தோற்றவர் தம்மிடம் எஞ்சிய காய்களால் இயன்ற குழிகளை நிரப்புவார், நிரம்பாதவை அடைபடும். அவர் ஏழையாகலாம், ஆனால் வெளியேற்றப்படுவதில்லை. அடைபட்ட குழிகளை மீண்டும் வென்றெடுக்க வழியுண்டு. இதை அமைத்தவர் பெயரை நாம் அறியோம்; மனித உள்ளத்தை அவர் நன்கறிந்திருந்தார்.

ஆடுபுலி ஆட்டமோ இருவேறு விருப்பங்களுக்கு ஒரே பலகையில் இடமளிக்கிறது. வேட்டையை விரும்புவோர் மூன்று புலிகளை ஏற்பர். பொறுமையாகச் சூழ்ந்து மடக்க விரும்புவோர் பதினைந்து ஆடுகளை ஏற்பர். மைசூரை ஆண்ட மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) சதுரங்கக் குதிரை 64 கட்டங்களையும் ஒவ்வொரு முறை மிதித்துவரும் புதிர்களில் ஈடுபட்டார். அங்கே எதிராளியே இல்லை. விடை காணும் இன்பம் ஒன்றே போதுமானதாயிற்று. 1996-இல் ஆங்கிலேயர் ரிச்சர்டு பார்ட்டில், பலர் கூடியாடும் கணினி ஆட்டங்களை ஆராய்ந்து, ஆடுவோரைப் பேறுகளைச் சேர்ப்போர், புதியன தேடுவோர், தோழமை நாடுவோர், பிறரை வீழ்த்துவோர் என நால்வகையாகப் பிரித்தார்.

அவர் பட்டியலில் அச்சத்திற்கு இடமில்லை. 2010-இல் பெங்களூரில் கிளை தொடங்கிய ஜிங்கா என்னும் அமெரிக்க நிறுவனம், அதற்கு முந்தைய ஆண்டில் ‘ஃபார்ம்வில்’ என்னும் உழவு ஆட்டத்தை வெளியிட்டிருந்தது. 2020-இல் மூடப்பட்ட அந்த ஆட்டத்தில், விதைத்தவர் உரிய வேளையில் திரும்பாவிடில் பயிர் வாடிப்போனது. பல்லாங்குழியில் தோற்றவரை இருத்துவது நம்பிக்கை. இங்கே வென்றவரையும் இழுத்துவந்தது இழப்பைப் பற்றிய கவலை. இரண்டையும் ‘ஆர்வம்’ என்னும் ஒரே சொல்லால் சுட்டுவது பொருந்தாது.

கைப்பேசியில் ஆழ்ந்திருக்கும் குழந்தையை நிறுத்தச் சொல்லும்போது, அது ‘இன்னும் ஓர் ஆட்டம்’ என்கிறதா, ‘இப்போது விட்டால் போய்விடும்’ என்கிறதா என்று கவனித்துப் பாருங்கள்.