ஒரே பெண், இரண்டு உடைகள்

அப்பாவுக்கும் மகளுக்கும் ஓர் ஒப்பந்தம். காலையில் அவள் தன் விருப்பப்படி நாகரிகப் பட்டாடை உடுத்திக்கொள்ளலாம். மாலையில் அப்பாவுக்குப் பிடித்த எளிய வீட்டுடைக்கு மாறிவிட வேண்டும். ஆலிவர் கோல்ட்ஸ்மித்தின் 'ஷீ ஸ்டூப்ஸ் டு காங்கர்' நாடகத்தின் முதல் அங்கத்தில் போகிற போக்கில் சொல்லப்படும் செய்தி இது. ஆனால் நாடகம் முழுவதும் இந்த உடைமாற்றத்தைச் சுற்றித்தான் நடக்கிறது.

1773 மார்ச் 15 அன்று லண்டன் கோவன்ட் கார்டன் அரங்கில் முதலில் மேடையேறிய நகைச்சுவை நாடகம் இது. கதை ஒரே இரவில் முடிந்துவிடுகிறது. கிராமத்துப் பெரியவர் ஹார்ட்காசிலின் மகள் கேட்டைப் பெண் பார்க்க, நண்பன் ஹேஸ்டிங்ஸுடன் லண்டனிலிருந்து வருகிறான் மார்லோ. இருட்டில் வழி தவறி ஒரு மதுக்கடையில் விசாரிக்கிறார்கள். அங்கே குடித்துக்கொண்டிருப்பவன் டோனி லம்ப்கின். ஹார்ட்காசிலின் மனைவிக்கு முதல் கணவர் மூலம் பிறந்தவன். மாற்றாந்தந்தை மேல் அவனுக்குக் கடுப்பு. அவர் வீட்டையே ஒரு விடுதி என்று சொல்லி இருவரையும் அனுப்பிவைக்கிறான். வருங்கால மாமனாரை விடுதிக்காரர் என்று நம்பி, மார்லோ அவரையே வேலை ஏவத் தொடங்குகிறான்.

மார்லோவைப் புரிந்துகொண்டால் நாடகத்தின் கருப்பொருள் தானாகத் திறந்துகொள்ளும். அவனுக்குள் இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள். தன் அந்தஸ்துள்ள பெண்கள் முன்னால் நா எழாது. பணிப்பெண்களிடம் துணிச்சலுக்குக் குறைவிருக்காது. கேட்டும் அவனும் சந்திக்கும் காட்சிகளை வரிசையாகப் பார்த்தால் இது விளங்கும்.

முதல் சந்திப்பில் கேட் நாகரிக உடையில் இருக்கிறாள். மார்லோ ஒரு வாக்கியத்தைத் தொடங்குவான், பாதியில் நிற்பான். மீதியை அவள்தான் முடித்துவைக்கிறாள். பேச்சு முடிந்து வெளியேறும்வரை அவன் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பதே இல்லை.

மாலையில் எளிய உடைக்கு மாறிய கேட்டை விடுதிப் பணிப்பெண் என்று நினைக்கிறான். இப்போது தயக்கமே இல்லை. பெருமை பேசுகிறான், கையைப் பிடிக்கிறான், முத்தமிடப் பார்க்கிறான். பெண் அதே பெண்தான். மாறியது உடை மட்டும்.

மூன்றாவது சந்திப்பு இன்னும் நுட்பமானது. இது விடுதி அல்ல, தான் இந்த வீட்டை அண்டி வாழும் ஏழை உறவுக்காரப் பெண் என்கிறாள் கேட். மார்லோ வெட்கிப்போகிறான். புறப்படுகிறேன் என்றதும் அவள் கண்ணீர் விடுவதாக நடிக்க, அவன் மனம் இளகுகிறது. முதன்முறையாக ஒரு பெண்ணிடம் மரியாதையோடும் மனம்திறந்தும் பேசுகிறான். ஆனாலும் குடும்பமும் செல்வமும் குறுக்கே நிற்கின்றன என்று விலகப் பார்க்கிறான். நான்காவது சந்திப்பில்தான் அந்தச் சுவரும் விழுகிறது. திரைக்குப் பின்னால் இரு தந்தையரும் ஒளிந்து கேட்டுக்கொண்டிருக்க, ஏழை என்று தான் நம்பும் பெண்ணின் முன் அவன் மண்டியிடுகிறான்.

ஒருவரின் உடையையும் அந்தஸ்தையும் பார்த்தே நாம் மரியாதையை அளக்கிறோமா என்பதுதான் கோல்ட்ஸ்மித் கேட்கும் கேள்வி. அந்தக் கேள்வியை உபதேசமாகச் சொல்லாமல் ஒரு மனிதனின் தடுமாற்றத்தில் காட்டியதே அவருடைய சாதனை.

அந்தஸ்தைப் பார்த்து அளக்கப்படுவது அவருக்குச் சொந்த அனுபவமும்கூட. லண்டன் மேடையில் அப்போது கண்ணீரை வரவழைக்கும் உணர்ச்சி நாடகங்களுக்கே மவுசு. 1768இல் வந்த அவருடைய முதல் நாடகத்தில், கடன் வசூலிக்க வரும் சேவகர்கள் தோன்றும் காட்சியைத் 'தரக்குறைவு' என்று பார்வையாளர்கள் எதிர்த்ததால் நீக்க வேண்டியதாயிற்று. அதற்கான பதில் இந்த நாடகத்தின் மதுக்கடைக் காட்சியில் இருக்கிறது. டோனியின் குடிக்கூட்டாளிகளில் ஒருவன் கரடியாட்டக்காரன். தரக்குறைவான எதையும் சகிக்கமாட்டேன் என்கிறான், தன் கரடிகூட உயர்ந்த ரக இசைக்குத்தான் ஆடும் என்கிறான்.

டோனியையும் வெறும் கோமாளி என்று ஒதுக்கிவிடக் கூடாது. எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுபவன், அம்மாவை இருட்டில் வண்டியில் சுற்றவைத்துச் சொந்தத் தோட்டத்துக் குளத்தருகே கொண்டுவந்து சேர்க்கிறான். அவளோ நாற்பது மைல் தாண்டிவிட்டதாக நம்பி நடுங்குகிறாள். நகைகளுக்காக அம்மா அவன் தலையில் கட்டப் பார்த்த உறவுப்பெண் கான்ஸ்டன்ஸை, அவள் விரும்பிய ஹேஸ்டிங்ஸோடு சேர்த்துவைக்கும் சொல்லும் கடைசியில் அவன் வாயிலிருந்துதான் வருகிறது.

நாடகத்தைக் கையில் எடுப்பவர்கள் கேட்டும் மார்லோவும் சந்திக்கும் அந்த நான்கு காட்சிகளை மட்டும் முதலில் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் தான் யாரிடம் பேசுவதாக மார்லோ நினைக்கிறான் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முழு நாடகத்தையும் படியுங்கள்.